சைக்கிள் எவ்வளவு எடை தாங்கும்?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. கோடையில் கண்மாய்கள் வறண்டுவிட்டால் குடிதண்ணீர் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். சைக்கிளின் இரு பக்கமும் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டு வருவது இத்தகைய வறண்ட சீமையில் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. ஒரு குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே நான்கு குடங்களில் 60 கிலோ! அதோடு 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி ஓட்டினால் அந்தச் சைக்கிள் 120 கிலோவைச் சுமக்கிறது.

ஆனால், 90 கிலோ எடையுள்ள ஒரு மாணவரைப் பார்த்து, "நீ ஏறினால் சைக்கிள் தாங்காது" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவரும் அதை நம்பிவிடுவார். பேருந்து அடிக்கடி வராத ஊர்களில் இந்த நம்பிக்கையின் விலை அதிகம். ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய முதல் பாடம் போயிற்று. மாலையில் ஆய்வுக்கூடத்திலோ விளையாட்டுத் திடலிலோ சற்று நேரம் தங்கவும் முடியாது.

உண்மையில் சைக்கிளுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பு என்ன? எந்த இடத்தில் எடை பொருட்படுத்த வேண்டியது? எந்த இடத்தில் அது வெறும் பயம்? பௌதிகத்தைத் துணைக்கு அழைத்துப் பார்ப்போம்.

சுமையைத் தாங்குவது காற்று

சைக்கிளில் உட்காரும்போது உங்களைத் தரைக்கு மேலே தாங்கி நிறுத்துவது டயரின் ரப்பர் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. பெரும்பாலும் டியூபுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் தாங்குகிறது. 1888ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்து காட்டினார். அதற்கு முன்பு கெட்டி ரப்பர் வளையங்கள்தாம் சைக்கிளில் இருந்தன.

ஒரு சிறு கணக்கு போடுவோம். ஓட்டுபவர் 90 கிலோ, சைக்கிள் 20 கிலோ. மொத்தம் 110 கிலோ. இதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 66 கிலோ, பின் சக்கரத்தின் மேல் விழுகிறது. பின் டியூபில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு 66ஐ 3ஆல் வகுத்தால் கிடைக்கும் 22 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 2 கிலோவாகக் குறைந்துவிட்டால்? 66ஐ 2ஆல் வகுக்க, 33 சதுர சென்டிமீட்டர். இவ்வளவு பரப்பு தரையைத் தொட வேண்டுமானால் டயர் நன்றாகப் பிதுங்கியாக வேண்டும்.

பிதுங்கிய டயரால் இரண்டு தொல்லைகள். முதலாவது, ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. அந்த வேலைக்கான சக்தி உங்கள் கால்களிலிருந்துதான் போகிறது. இரண்டாவது, ஒரு கல்லில் ஏறும்போது ரிம்மின் விளிம்பு டியூபைத் தரையோடு சேர்த்து நசுக்கிவிடுகிறது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டைகள் இருக்கும். "என் எடையால் பஞ்சராகிவிட்டது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையான குற்றவாளி காற்றுக் குறைவுதான்.

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தம் வரை காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். எடை கூடியவர்கள் பின் டயரில் அந்த உச்ச அளவை ஒட்டியும், முன் டயரில் சற்றுக் குறைவாகவும் காற்று வைத்துக்கொள்வது நல்லது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அழுத்தத்தில் உள்ள வேறுபாடு விரலுக்குச் சரியாகத் தெரியாது. ஏறி உட்கார்ந்துகொண்டு, பின் டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று ஒரு நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெயில் காலத்தில் டியூப் வெடித்துவிடும் என்று அஞ்சிக் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்களும் உண்டு. அதையும் கணக்கிடலாம். காலையில் 30 டிகிரி செல்சியஸ் இருந்த டயர் நண்பகலில் 60 டிகிரிக்குச் சூடாகிறது என்போம். கெல்வின் அளவில் இது 303லிருந்து 333. அதாவது பத்தில் ஒரு பங்கு உயர்வு. டியூபினுள் உள்ள மொத்த அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து, 4 கிலோ. அது 4.4 ஆகிறது. நல்ல டயர் இதைத் தாங்கும். வெடிப்பது பெரும்பாலும் தேய்ந்து நைந்த பழைய டயரும், சூட்டில் ஒட்டு இளகிய டியூபும்தான். ஆகவே காற்றைக் குறைக்காதீர்கள். சைக்கிளை நிழலில் நிறுத்துங்கள்.

கம்பிகளின் கூட்டுறவு

அடுத்து, சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளைப் பாருங்கள். கைவிரலால் எளிதில் வளைக்கக்கூடிய மெல்லிய கம்பிகள் ஓர் ஆளை எப்படித் தாங்குகின்றன? அவை தனித்தனியாக நின்று தாங்கவில்லை. எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே முறுக்கி இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், அச்சுக்கு நேர் கீழே உள்ள சில கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறது. சக்கரம் உருளும்போது அவை மேலே போய் மறுபடியும் இறுகுகின்றன. அடுத்த கம்பிகள் கீழே வருகின்றன. இப்படி எல்லாக் கம்பிகளும் முறைவைத்துச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கம்பிகளைச் சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கிடும்படி கட்டும் முறைக்கு 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்றார். இன்றும் நம் சைக்கிள்களில் இருப்பது அந்த முறைதான்.

பழைய மாதிரிக் கறுப்புச் சைக்கிள் கிடைத்தால் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 இருக்கும். பின் சக்கரத்துக்குச் சுமை அதிகம் என்பதைக் கம்பிகளின் எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது அல்லவா? இப்போதைய பல சைக்கிள்களில் இரண்டிலும் 36 கம்பிகள் உள்ளன. கம்பிகள் மிகக் குறைவாக உள்ள, அழகுக்காகச் செய்த சக்கரங்களை எடை கூடியவர்கள் தவிர்ப்பது நல்லது.

எடை இங்கே எப்படிப் பாதிக்கிறது? திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை ஏறத்தாழ 15 கி.மீ. 28 அங்குலச் சக்கரம் ஒரு முறை சுற்றினால் சுமார் 2.2 மீட்டர் போகும். ஒரு வழிப் பயணத்துக்கு ஏறத்தாழ 6,800 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து இறுகுகிறது. ஓர் இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடுகிறதே, அதைப் போன்ற உலோகச் சோர்வு இங்கும் உண்டு. எடை கூடினால் தளர்வின் அளவும் கூடும். கம்பி ஏற்கெனவே தொளதொளவென்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்குப் பரிகாரம் எளியது. புதிய சைக்கிளை ஒரு மாதம் ஓட்டியதும் கடையில் கொடுத்துக் கம்பிகளைச் சீராக இறுக்கிக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களே சோதிக்கலாம். பின் சக்கரத்தின் ஒரே பக்கத்துக் கம்பிகளை வீணையின் தந்தியைப் போல ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தால் நன்று. ஏதாவது ஒன்று மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

எதிரி எடையா, எதிர்காற்றா?

"தாங்கும் சரி, ஆனால் என்னால் மிதிக்க முடியாதே" என்று சிலர் சொல்வார்கள். சமதரையில் செல்லும் சைக்கிளை இரண்டு விசைகள் தடுக்கின்றன. ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் உராய்வு. காற்று நிறைந்த சாதாரண டயருக்கு இது மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். 60 கிலோ ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. உராய்வு 8 நியூட்டன். 90 கிலோ ஆளுக்கு 11 நியூட்டன். வேறுபாடு 3 நியூட்டன்தான். கால் லிட்டர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளும்போது உணரும் விசையைவிடச் சிறிதே அதிகம்!

மற்றொன்று காற்றின் தடை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், காற்று வீசாத நேரத்தில், இது சுமார் 6 நியூட்டன். பருமனான உடலுக்குச் சற்றுக் கூடலாம். இப்போது எதிரே அதே 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் காற்றுக்கும் இடையேயான வேகம் இரு மடங்காகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால் நான்கு மடங்காகிறது. 6 நியூட்டன் 24 ஆகிவிட்டது! 30 கிலோ கூடுதல் எடைக்கு 3 நியூட்டன். எதிர்காற்றுக்கோ 18 நியூட்டன்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதங்களில் இங்கே மேற்குத் திசையிலிருந்து காற்று வீசும். திருச்சுழி அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே அருப்புக்கோட்டைக்குப் போகும்போது எதிர்காற்று; திரும்பும்போது காற்றே முதுகில் தள்ளிவிடும். ஆடியில் சைக்கிள் பழகத் தொடங்கி, மூச்சு வாங்கி, "என் உடம்புக்கு இது ஒத்துவராது" என்று விட்டுவிட்டவர் தன் உடம்பின் மீது வீண் பழி போடுகிறார். ஒல்லியான நண்பருக்கும் அன்று மூச்சு வாங்கத்தான் செய்திருக்கும்.

எடை தன் வேலையைக் காட்டும் இடம் ஏற்றம். 100 மீட்டருக்கு 3 மீட்டர் உயரும் பாலத்திலோ கண்மாய்க் கரையிலோ 60 கிலோ ஆளுக்குக் கூடுதலாக 24 நியூட்டன் விசை வேண்டும். 90 கிலோ ஆளுக்கு 33 நியூட்டன். இந்த வட்டாரம் பெரும்பாலும் சமவெளியாக இருப்பதால் இத்தகைய இடங்கள் சிலவே. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

பல்லின் கணக்கு

எதிர்காற்றையும் ஏற்றத்தையும் சமாளிக்கக் கியர் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 48 பற்களும், பின்னால் உள்ள ஃப்ரீவீலில் 18 பற்களும் இருந்தால், ஒரு முறை மிதித்துச் சுற்றும்போது பின் சக்கரம் 48ஐ 18ஆல் வகுத்த அளவு, அதாவது இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். வண்டி 5.9 மீட்டர் போகும். 18க்குப் பதில் 20 பல் ஃப்ரீவீல் போட்டால் 5.3 மீட்டர்தான் போகும்; ஆனால் மிதிக்க வேண்டிய விசை பத்தில் ஒரு பங்கு குறையும். நெம்புகோலின் தத்துவமே இது: தூரத்தில் கொடுத்து விசையில் பெற்றுக்கொள்கிறோம். புதிதாகப் பழகுபவரின் முழங்காலுக்கு இந்தப் பேரம் லாபமானது.

கனத்தவர் வேகமாக விழுவாரா?

பழகும்போது விழுந்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எடை அதிகமானால் வண்டி வேகமாகச் சாயும் என்று எண்ணுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரே நீளமுள்ள ஓர் இரும்புக் கம்பியையும் ஒரு மூங்கில் குச்சியையும் தரையில் நிறுத்தி, ஒரே அளவு சாய்த்து, ஒரே நேரத்தில் விடுங்கள். அடிமுனை வழுக்காமல் ஒரு கல்லை அணைத்து வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தரையைத் தொடும். சாயும் வேகம் எடையைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது. ஆகவே, சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பிச் சமன் செய்ய, ஒல்லியானவருக்குக் கிடைக்கும் அதே நேரம் உங்களுக்கும் கிடைக்கும். விழுந்தால் அடி பலமாகப் படலாம் என்பது உண்மை. எனவே முதலில் சீட்டைத் தாழ்த்தி, இரு கால்களும் தரையில் நன்றாகப் படும்படி வைத்துப் பழகுங்கள்.

நன்கு பழகியதும் சீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்த மறக்காதீர்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருந்தால் போதும். தாழ்ந்த சீட்டில் முழங்கால் அதிகம் மடங்கிச் சுமைக்கு உள்ளாகும்.

நிறுத்துவதில் கவனம்

எடையை மெய்யாகவே மதிக்க வேண்டிய இடம் பிரேக். இயக்க ஆற்றல் பொருளின் நிறைக்கு நேர்விகிதத்தில் உள்ளது. அதே வேகத்தில் செல்லும் 80 கிலோவை நிறுத்துவதைவிட 110 கிலோவை நிறுத்த மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் கூடுதல் வேலை ஆகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டையும் சேர்த்து, சீராக, முன்கூட்டியே பிடியுங்கள். பிரேக் கட்டைகள் தேய்ந்தால் தாமதமின்றி மாற்றுங்கள். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் கட்டைகள் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் ஈரத்தில் மேலானது.

எந்தச் சைக்கிள்?

இப்போது தேர்வு எளிதாகிவிட்டது. இரும்புக் குழாய்ச் சட்டம், இரு சக்கரங்களிலும் போதிய கம்பிகள், ஒன்றரை அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள டயர், வில் வைத்த அகலமான சீட்டு, நல்ல பிரேக். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் இந்தச் சாலைகளுக்கு உதவாது. முன்னும் பின்னும் வில் பொருத்திய மலிவான வண்டிகளில், நீங்கள் மிதிக்கும் சக்தியில் ஒரு பகுதி வில்லை அமுக்குவதிலேயே வீணாகும். வண்டியோடு தரும் கையேட்டில் எடை வரம்பு இருந்தால் பாருங்கள். அது ஓட்டுபவர், பை, பின்னால் ஏற்றும் சுமை எல்லாவற்றையும் சேர்த்ததா என்றும் கவனியுங்கள்.

குறுக்குக் கம்பி இல்லாத 'லேடீஸ்' வண்டி ஏறி இறங்க எளிது. கால் எட்டாமல் தடுமாறும் புதியவர் எவருக்கும் ஏற்றது. ஆனால் பெண்களுக்கு இதுதான், ஆண்களுக்கு அதுதான் என்று விதி ஏதுமில்லை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் விரும்பியது குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே! காரணம், அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். தம் தேவை எது என்று பார்த்து அவர்கள் வண்டியைத் தேர்ந்தார்கள்; பிறர் என்ன சொல்வார்கள் என்று பார்க்கவில்லை.

உங்களில் பலர் சைக்கிளை விலைக்கு வாங்கப் போவதில்லை. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்குமாக விரிந்தது. அப்படிக் கிடைத்த வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் காற்று, கம்பிகளின் இறுக்கம், சீட்டின் உயரம், பிரேக் ஆகிய நான்கையும் நம் உடலுக்கேற்பச் சரிசெய்துகொள்ளும் உரிமை உண்டு.

முள்ளும் வெயிலும் கரிசலும்

இந்தச் சீமையில் சைக்கிள் விடுபவர் சீமைக் கருவேல முள்ளை மறக்க முடியாது. ஒற்றையடிப் பாதையில் வண்டியை இறக்கும் முன் யோசியுங்கள். தேய்ந்த டயரில் முள் எளிதில் ஏறும். ஒரு கைப்பம்பு உடன் இருந்தால் மெதுவாகக் காற்று இறங்கும் வண்டியையும் வீடு வரை ஓட்டி வந்துவிடலாம். மழைக்காலத்தில் கரிசல் மண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது. அந்நாட்களில் தார்ச்சாலையே மேல்.

பருமனான உடலில் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் தோல் பரப்பு குறைவு. ஆகவே உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேறத் தாமதமாகும். கோடையில் காலையிலேயே கிளம்புங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள். வியர்வை ஆற வழி கிடைக்கும். தலைக்கவசம், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், இருட்டில் விளக்கு மூன்றும் தேவை. மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வண்டிகள் விரைந்து செல்லும். ஊர்ச்சாலை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். முதல் வாரம் 2 கி.மீ., அடுத்த வாரம் 4 கி.மீ. என்று கூட்டுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் இறங்கி, மருத்துவரைக் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு கட்டக் காகிதத்தைத் தரையில் விரித்து, பின் டயரில் சிறிது மை தடவி அதன் மேல் நிறுத்துங்கள். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் கவனமாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். பதிந்த தடத்தின் பரப்பைக் கட்டங்களை எண்ணிக் கணக்கிடுங்கள். பூப்போன்ற இடைவெளிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். பிறகு காற்றைச் சற்றுக் குறைத்து மறுபடி செய்யுங்கள். இரண்டு பரப்புகளையும் ஒப்பிடுங்கள். உங்கள் எடை இரண்டு முறையும் ஒன்றுதான். மாறியது காற்றின் அழுத்தம் மட்டுமே. அடுத்த முறை யாராவது "நீ ஏறினால் தாங்காது" என்று சொன்னால், அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுங்கள்.